சீதா விதை எண்ணெய்க்காரன்

என் கொழுந்தன் முகத்தை வரைய வேண்டுமென்றால் முதலில் தழும்புகளை வரைந்துவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் கண்ணையும் மூக்கையும் வைத்துக்கொள்ளலாம். இடது புருவத்தில் இருப்பது பதினேழாம் நம்பர் ஸ்பேனர். தாடையில் இருப்பது கிரீஸ் டப்பாவின் மூடி. மேலுதட்டில் இருப்பதற்குக் கருவி எதுவும் இல்லை, வெறும் கைமுட்டிதான். எல்லாமே ஒரே ஆளின் கைவேலை. அந்த ஆள் என் வீட்டுக்காரர், அவனுடைய கூடப்பிறந்த அண்ணன்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று ஒரு பழமொழி இருக்கிறது. அதைச் சொல்லிவைத்தவன் அடித்தவனாகத்தான் இருப்பான், வாங்கினவனாக இருக்க மாட்டான். நான் வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டாம் நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தண்ணீர்ச் செம்பு பறந்துபோய்த் தம்பியின் தலையில் விழுந்தது. பம்பின் வால்வைத் தலைகீழாக மாட்டிவிட்டானாம். "என்னங்க இது?" என்று எழுந்தேன். "அப்பா அம்மா இல்லாத பையன். நான் அடிச்சு வளக்கலைன்னா வேற யாரு வளப்பா?" என்றார். அந்தப் பையனுக்கு அப்போதே மீசை முளைத்து, மழித்து, மறுபடியும் முளைத்திருந்தது.

எங்கள் வீட்டில் உலை கொதிக்க ஒரே ஒரு டீசல் எஞ்சின்தான். இரண்டு பக்கமும் சக்கரம் சுழலும் பழைய ஒற்றை சிலிண்டர் எஞ்சின். அதோடு ஒரு பம்பைச் சேர்த்து, இழுத்துப்போக நான்கு டயர் வைத்திருந்தார். அஸ்திவாரக் குழி, கிணறு, கல் குவாரி என்று எங்கே தண்ணீர் தேங்கினாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். எஞ்சின் நிற்க ஒரு ஷெட், ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு அறை, அதுதான் வீடு. என் வீட்டுக்காரர் எஞ்சினை ஒரு நாளும் அடித்ததில்லை. துணியை நனைத்து அதைத் துடைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கொழுந்தன் காலையில் ஷெட்டில் அண்ணனுக்கு எடுபிடி. பகலில் பழக்கூழ் ஆலையில் வேலை. சீதாப்பழத்திலிருந்து எந்திரம் கூழைப் பிரித்தெடுத்துவிட்டுக் கறுப்பு விதைகளைக் கக்கும். அதை மண்வெட்டியால் அள்ளி ஆலைக்குப் பின்னால் கொட்ட வேண்டும். மலைமலையாகக் கிடக்கும். லாரி மிதித்த விதையில் எண்ணெய் கசிந்து சிமெண்டுத் தரையில் கறை பிடித்திருந்ததைப் பார்த்தவன், ஒரு திரியை அதில் தோய்த்துக் கொளுத்தினான். எரிந்தது. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கும் முன்பே சொன்னான்: "அண்ணே, சீதா விதையில எஞ்சின் ஓட்டலாம்."

"எஞ்சின்ல கைய வச்சுப் பாரு. கைய ஒடிச்சு அடுப்புல வைக்கிறேன்," என்றார் அண்ணன்.

அவன் கேட்கவில்லை. அடி வாங்கிப் பழகினவனிடம் ஒரு வசதி உண்டு, மிரட்டல் எடுபடாது. விதைகளை மூட்டையில் கட்டி வந்து ஷெட்டின் தகரக் கூரையில் காயப்போட்டான். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பிழியும் எந்திரத்தைத் தோளில் தூக்கி வந்தான். கொல்லையில் இரண்டு டிரம் வைத்தான். பிழிந்த எண்ணெயை அப்படியே ஊற்றினால் கெட்டியாகப் போய் எஞ்சினுக்கு நெஞ்சடைத்துவிடுமாம். அதனால் மெத்தனால் என்கிற சாராயத்தில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து, எண்ணெயைச் சூடாக்கி, இரண்டையும் கலக்க வேண்டும். ஆறவிட்டால் கறுப்பான கசடு அடியில் போய்த் தங்கும். மேலே தேன் நிறத்தில் நிற்பதை வடித்து, தண்ணீர்விட்டுக் கழுவி, ஈரம் போகக் காய்ச்சினால் அதுதான் எஞ்சினுக்கு ஊற்றுகிற எண்ணெய். ஆலை ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிறவர் சொல்லிக்கொடுத்ததும், இவன் கையைச் சுட்டுக்கொண்டு கற்றதும் பாதிக்குப் பாதி.

முதல் டிரம் முழுக்கச் சோப்பாகிப் போனது. விதை சரியாகக் காயவில்லை, உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. "வீணாக்காதீங்க அண்ணி, துணி துவைங்க," என்றான். துவைத்தேன். அழுக்கும் போனது, என் விரல் தோலும் போனது.

அடுத்தது என் கண். சீதா விதைத் தூள் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பிழியும் எந்திரத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டு அதே கையால் கண்ணைக் கசக்கினேன். ஊசியால் குத்துவதுபோல் இருந்தது. கண் வீங்கி மூடிக்கொண்டது. என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பம்பு ஓஸ் துண்டை எடுத்துத் தம்பியை முதுகிலும் தொடையிலும் விளாசினார். அவன் சத்தமே போடவில்லை, டிரம்மைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் ஒற்றைக் கண்ணோடு தடவிப்போய் இரும்புக் கரண்டியை எடுத்து அவர் மணிக்கட்டில் போட்டேன். கரண்டிக் காம்பு வளைந்தது, அவர் கை வளையவில்லை. "உனக்காகத்தானேடி அடிக்கிறேன்," என்று என்னைப் பார்த்து ஆச்சரியமாகக் கேட்டார். எனக்காக அடித்தாராம். என் கண்ணுக்கு மருந்து வாங்கி வந்தது அடி வாங்கினவன்தான்.

பிறகு தீ. பட்டப்பகல், நல்ல வெயில். கொழுந்தன் திடீரென்று டிரம்முக்குப் பக்கத்தில் குதிக்க ஆரம்பித்தான். தன் மார்பிலும் கையிலும் தானே அடித்துக்கொண்டான். நெருப்பும் தெரியவில்லை, புகையும் தெரியவில்லை. பேய் பிடித்துவிட்டது என்று நான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். அப்புறம் பார்த்தால் அவன் சட்டை கண்ணெதிரே சுருங்கிக் கறுத்து ஓட்டை ஓட்டையாகக் காணாமல் போகிறது. மெத்தனால் வெயிலில் எரிந்தால் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். தம்பியைக் கீழே தள்ளி, சாக்கால் அடித்து அணைத்தார். அணைந்த பிறகும் அடித்தார். தோல் உரிந்த மார்பின் மேலேயே ஈரச் சாக்கு விழுந்துகொண்டிருந்தது. "செத்துத் தொலஞ்சிருப்பியேடா, செத்துத் தொலஞ்சிருப்பியே," என்று அழுதுகொண்டே அடித்தார்.

அவரை மல்லாக்கத் தள்ளிவிட்டு நான் நடுவில் நின்றேன். இந்த வீட்டில் யாராவது ஒருவர் மனிதராக இருக்க வேண்டுமே என்று எனக்கு ஆத்திரம். "இவன் மேல இன்னொரு தடவ கை வச்சீங்கன்னா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன். ஒரு முடிவு சொல்லுங்க."

அவர் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். "அவன இந்த எண்ணெய விடச் சொல்லு. நான் அடிக்கிறத விடுறேன்."

தரையில் கிடந்தவன் தலையைத் தூக்கினான். "விட மாட்டேண்ணே. ஒரு மழைக்காலம் முழுக்கச் சுமையோட ஓட்டிக் காட்டுனா ஆலையில எண்ணெய வாங்கிக்கிறோம்னு சொல்லியிருக்காங்க. குவாரி வேலைக்கு எஞ்சினக் குடு. குழி வத்துற வரைக்கும் என் எண்ணெயிலயே ஓடட்டும். ஓடலைன்னா நான் எங்கயாவது போயிடுறேன்."

"ஓடுனா? ஷெட்ல பாதி கேப்பியா?"

"பாதி வேணாம். என் மேல கை வைக்கக் கூடாது. அவ்ளோதான்."

வெறும் அவ்வளவுதான் அவன் கேட்டது. அவர் வெகுநேரம் தம்பியின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி," என்றார்.

மழை பெய்து குவாரி நிரம்பியதும் எஞ்சினை இழுத்துப்போய்க் குழியின் ஓரத்தில் நிறுத்தினார்கள். அன்றிலிருந்து குழி வற்றும் வரை அடியில்லை என்று நான் தனியாக ஒரு நிபந்தனை போட்டேன். அதையும் ஒப்புக்கொண்டார். முதல் நாளே எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டில் எதிர்த்து உதைத்துக் கொழுந்தனின் தோள்பட்டை எலும்பு நொறுங்கியது. ஒற்றைக் கையாலேயே எண்ணெயை வடிகட்டி ஊற்றினான். எஞ்சின் ஓடியது. புகை குறைந்திருந்தது. பொரித்த பண்டம்போல ஒரு வாசனை வந்தது. தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டிக்கொண்டே இருந்தது.

அந்த எஞ்சினுக்கு ஒரு கெட்ட பழக்கம், ஆயில் குடிக்கும். எரிகிற எண்ணெயைச் சொல்லவில்லை, உள்ளே உராயாமல் இருக்க அடியில் ஊற்றிவைக்கிற ஆயில். காலையில் அளவு பார்க்கிற ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் தினமும் அளவு இறங்கியிருக்கும், தினமும் ஊற்ற வேண்டும். அவர் வாழ்க்கையில் பட்ட பாடெல்லாம் அந்தக் கோடு இறங்குவதைப் பார்த்துத்தான். குவாரிக்கு வந்த பிறகு கோடு இறங்கவில்லை. கொஞ்ச நாளில் மேலே ஏறவும் தொடங்கியது. அவர் ஸ்டிக்கைத் துடைத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தார். என்னிடம் காட்டினார், குவாரிக் காவலாளியிடம் காட்டினார். "பாத்தியா, குடிக்கிறத விட்டுடுச்சு. டேய், உன் எண்ணெய் இதுக்குத் தாய்ப்பாலுடா," என்றார். கொழுந்தனுக்கு வந்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அண்ணன் வாயிலிருந்து அவன் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது.

ஆயில் தானாக ஏறுமா? எண்ணெயைத் தூவுகிற நாசில் தேய்ந்துபோய்ச் சரியாகத் தூவாமல், எரியாத விதையெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே ஒழுகிக் கீழே ஆயிலோடு சேர்ந்துகொண்டிருந்தது. டீசலாக இருந்தால் எஞ்சின் சூட்டுக்குக் கொஞ்சமாவது ஆவியாகிப் போயிருக்கும். இது போகாது, தங்கும். குறைவதையே பார்த்துப் பயந்தவர்களுக்கு, ஏறினால் பயப்பட வேண்டும் என்று தோன்றவில்லை. இருவரும் சந்தோஷமாக ஸ்டிக்கைத் துடைத்து உள்ளே சொருகிவைத்தார்கள்.

குழியில் முழங்கால் அளவு தண்ணீர் மிச்சமிருந்த நாள் நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். அவர் குழிக்குள் ஓஸை நகர்த்திக்கொண்டிருந்தார். கொழுந்தன் எஞ்சினிடம் இருந்தான். சத்தம் மாறியது. முதலில் யாரோ வேகத்தைக் கூட்டியதுபோல இருந்தது. பிறகு கூடிக்கொண்டே போனது. சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை திரள் திரளாகக் கிளம்பியது. டயருக்கு முட்டுக் கொடுத்திருந்த கற்கள் தெறித்தன. எஞ்சின் நின்ற இடத்திலேயே குதித்தது.

கொழுந்தன் எண்ணெய்க் குழாயை அடைத்தான். நிற்கவில்லை. குழாயையே பிடுங்கி எறிந்தான். அப்போதும் நிற்கவில்லை, இன்னும் வேகமாகக் கத்தியது. தீனியே இல்லாமல் ஓடுகிற எஞ்சினை அவன் பார்த்ததில்லை. அடியில் நிறைந்திருந்த ஆயிலும் எண்ணெயும் மூச்சுக் குழாய் வழியே காற்றோடு மேலே போய் எரிகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கையில் பிடுங்கின குழாயோடு எஞ்சினுக்கு முன்னால் வாய் பிளந்து நின்றான். நான் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் குழியிலிருந்து நான்கு காலில் ஏறி வந்தார். வந்த வேகத்தில் தம்பியின் பிடரியில் விட்டார் ஓர் அறை. அவன் உருண்டுபோய்க் குழித் தண்ணீரில் விழுந்தான். அதைப் பார்க்காமலே ஏர் ஃபில்டரை ஒரே உதையில் பெயர்த்தார். காற்றை அடைத்தால்தான் அது சாகும். சட்டையைக் கழற்றிச் சுருட்டித் துவாரத்தில் வைத்தார். எஞ்சின் சட்டையை இழுத்து விழுங்கியது. அடுத்து வலது உள்ளங்கையை வைத்து முழு உடம்பாலும் அழுத்தினார். சத்தம் தடுமாறியது, இறங்கியது. நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்தில் உள்ளே கனெக்டிங் ராடு முறிந்து, கிராங்க் கேஸின் வார்ப்பிரும்பை உடைத்துக்கொண்டு பக்கவாட்டில் வெளியே வந்தது. இரும்புத் துண்டு அவர் முழங்கைக்கு மேலே அடித்தது. கை தோலில் தொங்கியது. சூடான ஆயில் அவர் முகத்திலும் என் காலிலும் தெறித்தது. அதற்குப் பிறகு குவாரியில் ஒரு சத்தமும் இல்லை. தண்ணீரிலிருந்து எழுந்த கொழுந்தன் அண்ணனின் கையை மேலே சேர்த்து வைத்துப் பிடித்துக்கொண்டு, லாரி வரும்வரை "பிடிச்சிருக்கேண்ணே, பிடிச்சிருக்கேண்ணே," என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஆஸ்பத்திரியில் கையை எடுத்துவிட்டார்கள். அந்தக் கை விளங்காமல் போகட்டும் என்று நான் எத்தனையோ தடவை வாய்விட்டுச் சொன்னவள்தான். நான் சொன்னதால் போகவில்லை, ராடு அடித்துப் போனது. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் கண் விழிக்கும்வரை கொழுந்தன் கதவுக்கு வெளியே நின்றான். விழித்தார் என்று தெரிந்ததும், "நான் தோத்துட்டேன் அண்ணி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பழக்கூழ் ஆலைக்குப் பின்னால் மூட்டை வைக்கிற அறையில் படுத்துக்கொள்கிறான் என்று பிறகு காதில் விழுந்தது.

என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்ததும் உடைந்த எஞ்சினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். ஒரு நாள் ஸ்டிக்கை இடது கையால் உருவி மோந்து பார்த்தார். விரலில் தொட்டுத் தேய்த்தார். "தண்ணி மாதிரி இருக்குடி. ஏறினப்பவே வடிச்சுட்டுப் புது ஆயில் ஊத்தியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. மெக்கானிக் நானா, அவனா?" என்றார். மறுநாள் சட்டை போட்டுவிடச் சொன்னார். பொத்தானை நான்தான் மாட்டினேன். இருவரும் ஆலைக்குப் போனோம்.

கொழுந்தன் விதைக் குவியலுக்கு நடுவில் மண்வெட்டியோடு நின்றான். எங்களைப் பார்த்ததும் மண்வெட்டி நின்றது. அண்ணனுக்கு முகம் பார்த்துப் பேச வரவில்லை, விதையைப் பார்த்துப் பேசினார்.

"எண்ணெய்ல தப்பு இல்லடா. ஸ்டிக் ஏறுனது நல்லதுன்னு சொன்னது நான்தான். நீ ஜெயிச்சுட்ட."

"குழி வத்தலையேண்ணே."

"முழங்கால் தண்ணி. அத வாளியாலயே மொண்டிருக்கலாம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கொழுந்தன் சிரிக்கவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. அவர் நெற்றி வியர்வையைத் துடைக்க இடது கையைத் தூக்கினார். தூக்கினதுதான் தாமதம், கொழுந்தன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு இரண்டு முழங்கையாலும் முகத்தை மூடிக்கொண்டு விதைக் குவியலோடு ஒடுங்கினான். இத்தனை வயசான மனுஷன், மார்பில் தீக்காயம் ஆறின தோலோடு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான்.

அவருடைய கை நெற்றியிலேயே நின்றுவிட்டது. அவன் அப்படி ஒடுங்குவதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அடிக்கிறவர் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார். கையை மெதுவாக இறக்கிக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"பயப்படாதடா. இனிமே உன் மேல கை வைக்க மாட்டேன்," என்றார்.

கொழுந்தன் முழங்கைகளை இறக்கினான். அண்ணனின் வலது சட்டைக் கையைப் பார்த்தான். அது மடித்து ஊக்கு குத்தியிருந்தது. "அந்தக் கை இருந்திருந்தா வச்சிருப்பியாண்ணே?" என்று கேட்டான்.

குத்திக்காட்டக் கேட்கவில்லை, அவனுக்கு அது தெரிய வேண்டியிருந்தது. அவ்வளவு எண்ணெய், அவ்வளவு தீக்காயம், அவ்வளவு நாள் உழைப்பு எல்லாமே இந்த ஒரு பதிலுக்காகத்தான். மாட்டேன் என்று சொல்லுங்களேன் என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். விதைமேல் ஈக்கள் மொய்த்தன.

"தெரியலடா," என்றார்.

கொழுந்தன் அவரை உற்றுப் பார்த்தான். அவர் சத்தியம் செய்திருந்தால் அவன் அதை நம்பாமல் மண்வெட்டியை எடுத்து மறுபடி விதை அள்ளப் போயிருப்பான் என்று எனக்குத் தெரியும். எடுக்கவில்லை. மூட்டை அறைக்குள் போய்த் துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்தான். "கிராங்க் கேஸ் புதுசு வாங்கணும். நாசிலையும் மாத்திடணும்," என்று என்னிடம் சொன்னான்.

வீட்டுக்கு மூன்று பேரும் நடந்தே போனோம். அவன் என்னுடைய இந்தப் பக்கம் வந்தான், அவர் அந்தப் பக்கம் வந்தார். வழியில் ஒரு தடவை நான் பின்தங்கினேன். கொழுந்தனும் நின்று, நான் நடுவில் வந்து சேரும்வரை காத்திருந்தான்.